பக்கவாட்டில் எடுத்த படங்கள்

செங்கல்பட்டில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் குளியலறைக் கதவு மட்டும் நீல நிறம். மற்ற கதவுகளெல்லாம் வார்னிஷ் அடித்தவை. எங்கோ மிச்சமான பெயின்ட்டை வீணாக்க மனசில்லாமல் வீட்டுக்காரர் இதற்கு அடித்துவிட்டாராம். கர்ப்பமாக இருந்த மாதங்களில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அந்தக் கதவின் முன்னால் பக்கவாட்டில் நின்றேன். மேசைமேல் கேமராவை வைத்து, டைமரை அழுத்திவிட்டு ஓடி வந்து நிற்பேன். ஒரு கை வயிற்றுக்கு மேலே, ஒரு கை வயிற்றுக்குக் கீழே. அப்படித்தான் எல்லாரும் நின்றார்கள்.

எல்லாரும் என்றால், இணையத்தில் இருந்த எல்லாரும். இரண்டாயிரங்களின் பின்பாதி அது. பழைய நண்பர்களைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும் வலைத்தளம் ஒன்று எங்கள் வயதுக்காரர்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளேயே குழுக்கள் உண்டு. பிரியாணி பிடித்தவர்களுக்கு ஒரு குழு, திங்கட்கிழமை பிடிக்காதவர்களுக்கு ஒரு குழு. நான் சேர்ந்தது தாயாகப் போகிறவர்களின் குழுவில். வாரம் ஒரு படம் போட வேண்டும். மற்றவர்கள் கீழே கருத்து எழுதுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழ்.

முதல் படம் மட்டும் கதவோரத்தில் எடுத்ததல்ல. என் கணவர் வேலை விஷயமாக வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்தார். நான்காம் மாதம். காற்றில் புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் போட்ட அன்றைக்கே பதினைந்து இருபது பேர் எழுதிவிட்டார்கள். 'வயிறே தெரியலையே, கொடுத்து வச்சவ.' 'நிஜமாவே மாசமா இருக்கியா, இல்ல எங்கள ஏமாத்துறியா?' முகம் தெரியாத ஒருத்தி, 'நீ என்ன சாப்பிடறே, எனக்கும் சொல்லு' என்று கேட்டிருந்தாள். என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் அந்த அர்த்தத்தில் கேட்டதில்லை.

இதற்கு முன்னால் கேட்ட அர்த்தம் வேறு. படாளம் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது, எல்லாரும் அடுத்தவர் வயலில் நட்டுக் களை எடுத்துப் பிழைத்தவர்கள். அந்தத் தெருவின் முதல் குண்டுப் பெண் நான்தான். நான் பிறந்து கொஞ்ச நாளில் அம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சத்துணவில் ஆயா வேலை கிடைத்தது. அதற்கப்புறம் என் தட்டு நிறைந்தே இருந்தது. அம்மா என் கையைத் தூக்கித் தெருவில் காட்டுவாள். "எம் பொண்ணு கைய பாரு, புட்டு மாரி கீது." அது பரிசுக் கோப்பையைக் காட்டுவது மாதிரி இருக்கும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, கல்லூரி விடுதிக்குப் போகும் வரை. விடுதியில் எனக்கு ரோட் ரோலர் என்று பெயர். அவர்கள் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள், நானும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பேன். இரண்டாம் வருஷத்திலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்காத அளவுக்கு வந்திருந்தேன். கல்யாணத்துக்கு ரெண்டு நாலு சைஸ் வளையல். அந்த அளவு எனக்கு மனப்பாடம், பரீட்சை மார்க்கைப் போல.

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. அடுத்தவர் எழுதிய நிரலில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அதே புத்திதான். கண்ணாடி முன்னால் நின்றால் முகவாய், மேற்கை, இடுப்பு என்று வரிசையாகக் குறை தெரியும்.

மசக்கையில் பசி போனது. அது எல்லாருக்கும் போகிறதுதான். நான்காம் மாதம் முடிந்து அது மெதுவாகத் திரும்பி வந்தபோது குழுவில் என் படங்களுக்கு நல்ல கூட்டம். பசியை வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பெரிய பிரயத்தனம் தேவைப்படவில்லை, பழகின வேலை. காலையில் ரெண்டு இட்லி, அலுவலகத்தில் வெள்ளரிக்காய், சாயங்காலம் மோர், ரெண்டு பிஸ்கட். நிறைய சாப்பிட்டால் பிள்ளை பெரிசாகி வயிற்றைக் கிழிக்க வேண்டிவரும் என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். எனக்கு அது சாக்காக வாய்த்தது. மயக்கமாக வரும்போது உட்கார்ந்துகொள்வேன். உள்ளே ஒரு உயிர் இருக்கிறதே என்று தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் தோன்றவில்லை. ரயில் வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது போல எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது.

ஐந்தாம் மாதம் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். ஆடுகளைப் பார்க்க அப்பா ஊரிலேயே இருந்தார். அம்மா வந்த அன்றைக்கே அடுப்படி அவள் கைக்குப் போய்விட்டது. முருங்கைக்கீரை, ஈரல், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கணவரிடமிருந்து தினமும் ஒரே கேள்வி. "சாப்ட்டியா? என்ன சாப்ட்ட?" நான் வாயால் பதில் சொல்வதை விட்டு, அம்மா போட்டுத் தரும் தட்டைப் படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தேன். சாதம், குழம்பு, பொரியல், ஓரத்தில் அவித்த முட்டை. அவருக்கு ஒரே சந்தோஷம். "அத்தை சாப்பாட்டப் பாத்தாலே எனக்கு இங்க எச்சில் ஊறுது" என்பார்.

அவரோடு கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டே சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தட்டோடு அறைக்குள் போய்விடுவேன். படம் எடுத்ததும் தட்டில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போகும். காலையில் அலுவலக பஸ் ஏறும்முன் அந்தப் பையை மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் நாய்க்குக் கொட்டுவேன். மத்தியான டப்பாவை என் பக்கத்து சீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். உங்க அம்மா கைக்குத் தங்க வளையல் போடலாம் என்றார்கள். ஆக, தட்டின் படம் வெளிநாட்டுக்குப் போனது, வயிற்றின் படம் குழுவுக்குப் போனது. அவர் என் வயிற்றின் படத்தைப் பார்த்ததில்லை. குழுவில் இருந்தவர்கள் என் தட்டைப் பார்த்ததில்லை.

ஆறாம் மாதம் டாக்டரம்மா நாடாவை வயிற்றின் மேல் வைத்து அளந்தார், மறுபடியும் அளந்தார். ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "குழந்தை வளர்ச்சி பின்தங்கி இருக்கும்மா. உன் வெயிட்டும் ஏறல. சரியா சாப்பிடறியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "தட்டு தட்டா துன்றாம்மா. போட்டோ கூட எடுத்து வச்சிகினு கீறா, காட்டட்டா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த, கர்ப்பப்பையின் பிளாஸ்டிக் மாதிரி உருவத்தைப் பார்த்தேன். சத்து மாவும் மாத்திரையும் எழுதிக்கொடுத்து, இரண்டு வாரத்தில் வரச் சொன்னார். இப்படியே போனால் முன்னாடியே எடுக்க வேண்டி வரலாம் என்றார்.

பஸ்ஸில் வரும்போதே அம்மா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "துன்றத படம் புடிச்சி ஊருக்கெல்லாம் காட்டிகினு கீறியே, அப்புறம் எப்பிடி ஒடம்புல ஒட்டும்? ஒரு கண்ணா ரெண்டு கண்ணா? அந்தப் பொட்டிக்குள்ள எத்தினி பேர் பாக்கறாங்கோ!"

அன்று விளக்கு வைத்த பிறகு உப்பு, காய்ந்த மிளகாய், முச்சந்தி மண் மூன்றையும் கையில் பொத்திக்கொண்டு வந்து என்னைச் சுற்றினாள். பிறகு கம்ப்யூட்டரைச் சுற்றினாள். மானிட்டருக்கு முன்னால் மூன்று தடவை, பின்னால் ஒயர்கள் இருக்கும் பக்கம் எட்டி மூன்று தடவை. "அதோ அந்த ஒயர்லதான வருது?" என்று என்னிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டு அதையும் ஒரு சுற்று. அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி ஏறவில்லை. "பாத்தியா, எவ்ளோ கண்ணுனு" என்றாள். மறுநாள் முழங்கால் வலியோடு திருக்கழுக்குன்றம் போய் மலை ஏறிவிட்டு வந்தாள். அங்கிருந்து கொண்டுவந்த குங்குமத்தை எனக்கு வைத்துவிட்டாள். நான் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு. கணவரால் வர முடியவில்லை. ஊரிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று அண்டா அண்டாவாக இறக்கினார்கள். கூடத்தில் பாய் விரித்து என்னை உட்கார வைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். அம்மா வளையல்களைக் கொண்டுவந்தாள். பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி வளையல்.

மாசமான பெண்ணுக்குக் கை பூரிக்கும். அதனால் வளைகாப்புக்குக் கல்யாண அளவைவிட ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா ரெண்டு ஆறு வாங்கியிருந்தாள். அப்படியும் ஏறாமல் போனால் என்ன செய்வது என்று சோப்புத் தண்ணீர் ஒரு கிண்ணத்தில் கலக்கிப் பக்கத்தில் வைத்திருந்தாள். சித்தி என் கையைப் பிடித்து முதல் வளையலைப் போட்டாள். சோப்புக்கு வேலை இல்லாமல் அது பாட்டுக்கு உள்ளே போனது. ரெண்டு கையும் நிறையப் போட்டு முடித்தார்கள். வேனில் வந்திருந்த ஒருத்தரின் மகள் கேமராவைத் தூக்கி, "அக்கா, கையை இப்பிடிக் கீழ தொங்க வுட்டு, பக்கவாட்டுல திரும்புங்க" என்றாள்.

எழுந்து நின்று திரும்பினேன். கையைத் தொங்கவிட்டேன். வளையல்கள் ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாகக் கழன்று பாய்க்கு வெளியே தரையில் விழுந்தன.

வளைகாப்பில் வளையல் கழல்வது என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் கூடத்தில் இருந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சித்தி அவசரமாகக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். உடையாமல் தப்பித்தவற்றை மறுபடி மாட்டி, மஞ்சள் நூலால் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டினாள். "தோ, ஒண்ணும் ஆவல, சைஸு பெரிசு, அவ்ளோதான்" என்று சத்தமாகச் சொன்னாள். எல்லாரும் சத்தமாக ஆமாம் என்றார்கள். அம்மா மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புட்டு மாதிரி இருக்கிறது என்று தெருவுக்குக் காட்டிய கை.

வேன் கிளம்பிய பிறகு அம்மா பாத்திரங்களைக் கழுவக் கீழே குழாயடிக்குப் போனாள். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். நாய் வந்து வாலை ஆட்டிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தது. அம்மா அண்டாவில் ஒட்டியிருந்த தயிர்ச்சாதத்தை வழித்து அதற்குப் போட்டாள். அது மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் என்னிடமே வந்தது. என் கையை நக்கியது. தெருநாய்க்கு இருக்க முடியாத தொப்பை அதற்கு. அம்மா நாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தண்ணீர் அண்டாவை நிரப்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், எனக்குப் பதில் பேசத் தெரியும். அவள் ஈரக் கையோடு வந்து ரெண்டு படி கீழே உட்கார்ந்தாள்.

"உன்ன வயித்துல வச்சிகினு நான் நடவுக்குப் போவேன்" என்றாள். "மத்தியானத்துல எல்லாரும் கரையேறி கூழு குடிப்பாங்கோ. எனக்கு அது பத்தாது. ரெண்டு பேரு பசி. பக்கத்துல குந்தினுகீறவ தூக்குல மீதி கீதான்னு எட்டி எட்டிப் பாப்பேன். வெக்கமா கீதேன்னு மூஞ்சத் திருப்பிக்குவேன். மறுபடி பாப்பேன்." கொஞ்ச நேரம் நாயைத் தடவிக்கொடுத்தாள். "எனக்கு இல்ல பாப்பா. உனுக்கு எதுக்கு?"

குழுவைப் பற்றியும் ரோட் ரோலரைப் பற்றியும் அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவளுக்குப் புரிந்துவிடும் என்பதுதான் பிரச்சினை.

"பசிக்கலம்மா" என்றேன். அது உண்மைதான். அதற்குள் அது உண்மையாகியிருந்தது.

மறுநாளிலிருந்து அம்மா தட்டோடு என் எதிரில் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டால் அவள் சாப்பிடுவாள், நான் எழுந்தால் அவளும் கை கழுவிவிடுவாள். அதட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. அவளுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்படியில் வியர்த்துக் கொட்டித் தரையில் சாய்ந்துவிட்டாள். ஜீனியை அள்ளி அவள் வாயில் போட்டேன். அவள் கண் திறக்கும்வரை நான் பயந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தரை ஈரமாக இருக்கிறதே, புடவை நனைகிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு சாப்பிட்டேன். மாத்திரை விழுங்குவது போல, தண்ணீர் குடித்துக் குடித்து. ருசி தெரியவில்லை. கதவோரத்தில் நிற்பதை நிறுத்திவிட்டேன். குழுவில் ஒரு வாரம் எங்கே காணோம் என்று கேட்டார்கள். அடுத்த வாரம் வேறு ஒருத்திக்கு வயிறே தெரியவில்லை. எல்லாரும் அங்கே போய்விட்டார்கள்.

சாப்பிட ஆரம்பித்தது தாமதம். எட்டாம் மாதம் முடிந்த கையோடு வலி எடுத்தது. பெண் குழந்தை. ரெண்டு கிலோகூட இல்லை. துணியில் சுற்றி என் முகத்தருகே ஒரு தடவை காட்டிவிட்டு, விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டிக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கணவர் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் படம் எடுக்க விடவில்லை. அதனால் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்த என்னைப் படம் எடுத்து, 'அப்பா ஆகிவிட்டேன்' என்று அதே வலைத்தளத்தில் தன் பக்கத்தில் போட்டார். பார்க்க வேண்டும் என்று அவருடைய நண்பர்கள் ஆசைப்பட்டார்களாம், நானும் அவரைத் தடுக்கவில்லை.

மாலையில் அவர் மடிக்கணினியைத் திறந்து வந்திருந்த வாழ்த்துகளைக் காட்டினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா எழுதிகீறாங்கோ, படி" என்றாள். நான் படித்தேன். "பிள்ளை பெத்தவ மாதிரியே இல்லையாம். வயிறு அதுக்குள்ள எங்க போச்சுன்னு கேக்கறாங்க. டிப்ஸ் குடுக்கச் சொல்றாங்க."

"கொழந்த எவ்ளோ எடன்னு?"

மேலிருந்து கீழ்வரை மறுபடியும் பார்த்தேன். "இல்லம்மா. அது யாரும் கேக்கல."

அம்மா சரி என்றாள். கணவர் மடிக்கணினியை மூடினார். அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது. அவர் என் மணிக்கட்டை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சில நாள் கழித்துக் குழந்தையை என்னிடம் கொண்டுவந்தார்கள். எலும்பும் தோலுமாக, கிழவி போல ஒரு முகம். நெஞ்சோடு வைத்துக் காட்டினார் நர்ஸ். அது பிடித்தது, நாலு தடவை உறிஞ்சியது, விட்டது. ஒன்றும் வரவில்லை. மறுபடி பிடித்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித் தேடியது. பிறகு அழுதது. பூனைக்குட்டியின் சத்தம்கூட இல்லை. அதற்குப் பசித்தது, என்னிடம் பால் இல்லை. அத்தனை மாதமாக மரத்துக் கிடந்த எனக்கு அப்போது நெஞ்சு வலித்தது. உண்மையான வலி, கையால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில். நான் சத்தம் போட்டு அழுதேன்.

நர்ஸ் பவுடர் பால் கலக்கிக் கொடுத்தார். அம்மா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். பால் புகட்டும் பாலாடைச் சங்கின் மூக்கை அதன் கடைவாயில் வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். அது விழுங்கியது. விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் வயிறு இழுத்துப் பிடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அம்மா, பசிக்குது. எனக்குக் கொஞ்சம் சாதம் போடு" என்றேன்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பாலாடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரு" என்றாள். "மொதல்ல இது குடிக்கட்டும்."

நான் காத்திருந்தேன்.